4,29,49,67,297: ஒரு பகு எண்ணும் அதன் அண்டை எண்களும்

முழு எண்களைக் கூட்டலின் வழியே பார்த்தால் அவற்றில் புதிர் எதுவும் இல்லை; ஒன்றுடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லா எண்களும் வரிசையாகக் கிடைத்துவிடும், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடும் எப்போதும் ஒன்றேதான். பெருக்கலின் வழியே பார்க்கத் தொடங்கியதும் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஒன்றைவிடப் பெரிய எண்களுள், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு வகுத்தி இல்லாதது பகா எண் என்றும், மற்றவை பகு எண்கள் என்றும் பெயர் பெறுகின்றன. ஒவ்வொரு பகு எண்ணும் பகா எண்களின் பெருக்கற்பலனாக ஒரே ஒரு வழியில்தான் பிரியும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது என்பதால், ஓர் எண் எந்தப் பகா எண்களால் ஆனது என்பதை நன்கு அறிந்திருந்தாலும் அந்த அறிவு அதன் அண்டை எண்ணைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. 4,29,49,67,295, 4,29,49,67,296, 4,29,49,67,297 என்னும் மூன்று எண்கள் இதற்குத் தக்க சான்றாகும். நடுவிலுள்ளது இரண்டு என்னும் ஒரே பகா எண்ணின் 32ஆம் அடுக்கு, அதாவது 2³². அதற்கு முந்தியது ஐந்து வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன். பிந்தியதோ, தன் காரணிகளை வெளிக்காட்டாமல் ஐரோப்பியக் கணித அறிஞர்களை 92 ஆண்டுகள் காக்க வைத்தது.

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்று படிக்கப்படும் அந்தப் பிந்திய எண் கணித வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணம் ஓர் ஊகம். பிரான்சின் தூலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் கணிதத்தில் ஈடுபட்ட பியர் தெ ஃபெர்மா, இரண்டின் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டும்போது எப்போதெல்லாம் பகா எண் கிடைக்கும் என்று ஆராய்ந்தார். அடுக்குக்குறிக்கு ஒன்றைத் தவிர வேறு ஒற்றைப்படை வகுத்தி இருந்துவிட்டால், ஒன்றைக் கூட்டிக் கிடைக்கும் எண்ணை உறுதியாகப் பிரிக்க முடியும். எடுத்துக்காட்டாக, 2⁶ + 1 என்பது 65, அதன் அடுக்குக்குறியான 6 என்பது 2 × 3, ஆகவே 2² + 1 ஆகிய 5, அந்த 65ஐ மீதியின்றி வகுக்கிறது. இரண்டைவிடப் பெரிய பகா எண் கிடைக்க வேண்டுமானால் அடுக்குக்குறியும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரண்டின் அடுக்காகவே இருந்தாக வேண்டும். அவ்வாறு அமையும் எண்கள் 3, 5, 17, 257, 65,537, அதற்கடுத்து 4,29,49,67,297 என்று விரைந்து வளர்கின்றன. இவற்றுக்கு இன்று ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்களாக இருக்கக் கண்ட ஃபெர்மா, முடிவில்லாத இந்த வரிசையிலுள்ள எல்லாமே பகா எண்கள்தாம் என்று தாம் நம்புவதாக 1640இல் ஃப்ரெனிகிள் என்பவருக்கு எழுதினார். முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஐந்து சான்றுகளை வைத்துக்கொண்டு முடிவில்லாத ஒரு வரிசையைப் பற்றிப் பேசுவது இன்றைய பார்வையில் துணிச்சலாகத் தோன்றினாலும், ஆறாவது எண்ணைச் சோதிப்பது அன்று எளிதான செயலாக இருக்கவில்லை. ஓர் எண் பகா எண்தானா என்பதை அறிய அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 65,537க்கு அவ்வாறு 256க்கு உட்பட்ட 54 வகுத்தல்கள் போதும். அடுத்த எண்ணுக்கோ 65,536க்கு உட்பட்ட பகா எண்கள் அனைத்தையும், அதாவது 6,542 எண்களைக் கொண்டு வகுத்தாக வேண்டும். ஒரு படி மேலேறியதும் வேலை நூறு மடங்குக்கும் மேல் பெருகிவிடுகிறது.

1729 டிசம்பரில், மாஸ்கோவில் இருந்த கிறிஸ்டியன் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய 22 வயது லியோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் இந்த ஊகத்தைப் பற்றி விசாரித்தார். முதலில் அவ்வளவாக அக்கறை காட்டாத ஆய்லர், 1732இல் அக்கழகத்தின் முன் வைத்த ஒரு சிறு கட்டுரையில், 4,29,49,67,297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்று அறிவித்தார், ஈவு 67,00,417. அதை எப்படிக் கண்டார் என்பதை அங்கே அவர் விளக்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய வேறொரு கட்டுரையில்தான் வழி வெளிப்பட்டது.

அந்த வழி ஃபெர்மாவிடமிருந்தே வந்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் சுவை இருக்கிறது. ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். 3ஐ ஆறாம் அடுக்குக்கு உயர்த்தினால் 729, அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று கொண்டால், 2³²ஐ அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது கிடைக்கும் மீதி ‘ஒன்று குறை’, அதாவது −1 என்றாகிறது. அதன் வர்க்கமான 2⁶⁴ தரும் மீதி 1. ஆகவே இரண்டின் அடுக்குகள் வரிசையாகத் தரும் மீதிகள் 64 அடுக்குகளுக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. 64இன் வகுத்திகளாகிய சிறிய அடுக்குகள் எல்லாம் 32ஐயும் வகுப்பவை என்பதால், அதற்கு முன்பே மீதி 1 வந்திருந்தால் 2³² தரும் மீதியும் 1 ஆகியிருக்கும், −1 ஆகியிருக்காது. பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி 1 என்று சிறு தேற்றம் கூறுவதால், அந்த ‘ஒன்று குறைந்த’ எண் 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். எனவே தேட வேண்டியவை 64இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக் கிடைக்கும் பகா எண்கள் மட்டுமே: 193, 257, 449, 577, 641. நான்கு வகுத்தல்கள் பயனின்றிப் போக, ஐந்தாவதில் விடை கிடைக்கிறது. 6,542 வகுத்தல்கள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்தே போதுமாகிவிட்டன.

சிறு தேற்றத்தை ஃபெர்மா அறிவித்ததும் அதே 1640ஆம் ஆண்டில்தான். போதாக்குறைக்கு, இதே முறையை வேறோர் எண்ணில் அவர் வெற்றிகரமாகக் கையாண்டும் இருந்தார். 2³⁷ − 1 என்னும் எண்ணின் காரணிகள் 74இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தவையாக இருக்க வேண்டும் என்று கண்டு, 223 அதன் காரணி என்பதை வெளிப்படுத்தியவர் அவர். இத்தனை கருவிகளையும் கையில் வைத்திருந்தவர் 641ஐ எப்படித் தவறவிட்டார் என்பதற்கு, வகுத்தலில் எங்கோ ஒரு கணக்குப் பிழை நேர்ந்திருக்கலாம் என்பதைத் தவிர நம்பத்தக்க விளக்கம் வேறொன்றும் தோன்றவில்லை. இதே எண்ணின் காரணிகளை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த சிறுவன் ஸெரா கோல்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் மனக்கணக்காகவே கூறியதாகப் பதிவு உண்டு.

பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, 1878இல், இத்தகைய எண்ணின் பகாக் காரணி 64இன் மடங்கை அல்ல, 128இன் மடங்கைவிட ஒன்று மிகுந்ததாகவே இருக்க வேண்டும் என்று காட்டி வலையை மேலும் நெருக்கினார். இதன்படி 641க்கு முன் நிற்கும் பகா எண் 257 மட்டுமே. அதுவும் ஒரு ஃபெர்மா எண் என்பதால், எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி இல்லை என்ற விதிப்படி அதைச் சோதிக்காமலே தள்ளிவிடலாம். மற்றொரு காரணியான 67,00,417 பகா எண்தான் என்பதும் இதே முறையில் சற்று நேரத்தில் தெளிவாகிவிடும்: அதன் வர்க்கமூலம் 2,588ஐச் சற்றே தாண்டுகிறது, அதற்குள் 128இன் மடங்கைவிட ஒன்று மிகுந்த பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகிய ஐந்துதாம், ஐந்தும் மீதி வைக்கின்றன.

641 வகுக்கிறது என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் செய்யாமல் நிறுவும் வழி ஒன்றும் உண்டு. எண்ணியலில் இதைப் போலச் சுருக்கமும் அழகும் ஒருங்கே அமைந்த நிரூபணங்கள் குறைவு. 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதே 641 என்பது 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இரண்டாவது வடிவத்தின்படி 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. முதல் வடிவத்தின்படி 5⁴ என்பதற்குப் பதிலாக −2⁴ என்று இடலாம். இட்டால் −2³² தரும் மீதி 1 என்றாகிறது, அதாவது 2³² + 1இல் மீதி இல்லை.

காரணி எதையும் காணாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று அறிய முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சிறு தேற்றம் எல்லாப் பகா எண்களுக்கும் பொருந்துவதால், அதற்கு இணங்காத எண் பகா எண்ணாக இருக்க முடியாது. ஆனால் 4,29,49,67,297ஐ இரண்டின் அடுக்குகளைக் கொண்டு சோதித்தால் அது பகா எண்ணைப் போலவே நடந்துகொள்கிறது: 2⁶⁴ தரும் மீதி 1, சோதனைக்குரிய அடுக்கான 2³² என்பதோ 64இன் மடங்கு, ஆகவே மீதி 1 என்று வந்துவிடுகிறது. இவ்வாறு ஏமாற்றும் பகு எண்களைப் போலிப் பகா எண்கள் என்பர். ஃபெர்மா எண்கள் அனைத்துமே இரண்டை அடியாகக் கொண்ட இந்தச் சோதனையில் தேறிவிடுவதால், அவற்றை அதனால் பிரித்தறிய இயலாது. இரண்டுக்குப் பதில் மூன்றை எடுத்துக்கொண்டால் வேடம் கலைந்துவிடுகிறது. மூன்றின் வர்க்கம், அதன் வர்க்கம் என்று 32 முறை தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் 4,29,49,67,297ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், இறுதியில் 1 வர வேண்டிய இடத்தில் 3,02,90,26,160 வருகிறது. பத்து இலக்க எண்களின் வர்க்கங்கள் சிலவற்றைக் கையால் கணக்கிடும் பொறுமை இருந்திருந்தால் ஃபெர்மாவே தம் ஊகத்தைத் தம் தேற்றத்தால் வீழ்த்தியிருக்கலாம். தியோஃபில் பெப்பான் 1877இல் இந்தச் சோதனைக்கு ஃபெர்மா எண்களுக்கே உரிய செம்மையான வடிவம் தந்தார்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, அது இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் பற்றியது. நான்கால் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்பது ஃபெர்மா கூறி ஆய்லர் நிறுவிய உண்மை. 4,29,49,67,297ஐ 65,536² + 1² என்று எழுதலாம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் அதுவே 62,264² + 20,449² என்றும் அமைகிறது. இரண்டு வழிகளில் எழுத முடிகிற எண் பகா எண்ணாக இருக்க இயலாது. இந்த இரட்டை வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் முற்றொருமை காட்டுகிறது: இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையான ஓர் எண்ணை அத்தகைய மற்றோர் எண்ணால் பெருக்கினால், கிடைப்பதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதலாம். 641 என்பது 25² + 4². 67,00,417 என்பது 2,556² + 409². இவற்றைக் குறுக்காகப் பெருக்கினால் 25 × 2,556 = 63,900 என்றும் 4 × 409 = 1,636 என்றும் கிடைக்கின்றன; அவற்றின் கூட்டல் 65,536, கழித்தல் 62,264. மறுபுறம் 25 × 409 = 10,225, 4 × 2,556 = 10,224; இவற்றின் கழித்தல் 1, கூட்டல் 20,449. போகிற போக்கில், 20,449 என்பதும் 143இன் வர்க்கமே.

இனி முந்திய எண்ணுக்கு வருவோம். 4,29,49,67,295 என்பது 3 × 5 × 17 × 257 × 65,537, அதாவது அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் ஐந்தின் பெருக்கற்பலன். இது தற்செயல் அன்று. 2³² − 1 என்பது 2¹⁶ − 1, 2¹⁶ + 1 என்று இரண்டாகப் பிரிய, முன்னது மீண்டும் அதே முறையில் பிரிந்துகொண்டே போவதால், எந்த ஃபெர்மா எண்ணிலிருந்தும் இரண்டைக் கழித்தால் அதற்கு முந்திய ஃபெர்மா எண்கள் அனைத்தின் பெருக்கற்பலனும் கிடைக்கும். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி இல்லை என்று மேலே கூறிய விதிக்கும் இதுவே காரணம்.

இந்த எண்ணின் சிறப்பை உணர, ஓர் எண்ணுக்கு மேற்படாதவற்றுள் அதனோடு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லாதவை எத்தனை என்று எண்ணிச் சொல்லும் ஆய்லர் சார்பைப் பயன்படுத்தலாம். 4,29,49,67,295க்கு அந்த எண்ணிக்கை 2 × 4 × 16 × 256 × 65,536, அதாவது 2³¹. அடுத்த எண்ணான 4,29,49,67,296க்கும் அது அதே 2³¹, இலக்கத்தில் 2,14,74,83,648. 1796 மார்ச் மாதத்தில், 19 வயது நிறையாத கார்ல் ஃபிரீட்ரிக் காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை அளவுக்குறியில்லாத நேர்கோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டபோது, இந்தச் சார்பு இரண்டின் அடுக்காக இருப்பதன் பொருள் விளங்கிற்று. கவராயம் தரக்கூடியது வர்க்கமூலங்களை மட்டுமே. ஆகவே ஒரு பலகோணத்தின் பக்க எண்ணிக்கைக்கு ஆய்லர் சார்பு இரண்டின் அடுக்காக அமைந்தால்தான் அதை வரைய முடியும். அமைந்தால் வரைய முடியும் என்பதைக் காஸ் 1801இல் வெளியிட்ட நூலில் விளக்க, அமையாவிட்டால் முடியவே முடியாது என்பதைப் பியர் வான்ட்ஸெல் 1837இல் நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்குமானால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருந்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். ஐந்து பகா எண்களிலிருந்து அவ்வாறு 31 எண்கள் அமைகின்றன. அவற்றுள் சிறியது 3, பெரியது 4,29,49,67,295. யோகான் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கங்களுக்கு வழிகாணப் பத்தாண்டுகள் உழைத்து எழுதிய கைப்பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மிகப் பெரியதற்கு எவரும் துணியாதது நல்லதே.

இந்த 31 எண்களும் எதிர்பாராத ஓரிடத்தில் வரிசை தவறாமல் வந்து நிற்கின்றன. இந்தியச் சந்த நூல் மரபில் மேருப் பிரஸ்தாரம் என்று வழங்கியதும், 10ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் விளக்கியதும், இன்று பாஸ்கல் முக்கோணம் எனப்படுவதுமான எண் அடுக்கில், ஒவ்வொரு வரியும் 1; 1, 1; 1, 2, 1; 1, 3, 3, 1 என்று, மேல்வரியின் அண்டை எண்களைக் கூட்டிப் பெறப்படுகிறது. அதில் ஒற்றைப்படை எண்ணுக்கு 1 என்றும் இரட்டைப்படை எண்ணுக்கு 0 என்றும் இட்டால், வரிகள் 1, 11, 101, 1111, 10001, 110011 என்று மாறுகின்றன. இவற்றை, இடத்துக்கு இடம் பத்து மடங்காக அன்றி இரண்டு மடங்காகப் பெருகும் இரும எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51 என்று வருகின்றன. முதல் 32 வரிகளும் 4,29,49,67,295இன் 32 வகுத்திகளையும் ஏறுவரிசையில் ஒன்றுகூட விடாமல் தருகின்றன. முதல் வரியின் 1ஐ நீக்கினால் மீதமுள்ள 31 வரிகளும் வரையத்தக்க பலகோணங்கள். 33ஆம் வரி, இரு முனைகளிலும் 1, இடையில் 31 சுழியங்கள் என்று அமைகிறது. அதன் மதிப்பு 4,29,49,67,297. பலகோணங்களோடு இருந்த உறவு அந்த வரியில்தான் அறுபடுகிறது.

நடுவிலுள்ள 4,29,49,67,296, கணிதத்தைவிடக் கணினியில் அதிகம் புழங்குகிறது. 32 பிட்டுகள் கொண்டு குறிக்கக்கூடிய எண்கள் இத்தனை. 1981இல் வரையறுக்கப்பட்ட இணைய முகவரி முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் இத்தனையே என்பதால், உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. பெரிய திரைப்படக் கோப்பைப் பழைய முறையில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவில் ஏற்ற முயன்று தோற்றவர்கள், கோப்பின் அளவு 4,29,49,67,295 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்ற தடையில்தான் முட்டி நின்றார்கள். 65,537 என்னும் ஃபெர்மா பகா எண்ணோ, ஆர்எஸ்ஏ எனப்படும் மறையாக்க முறையில் பொதுத் திறவுகோலின் அடுக்காகப் பெரும்பாலும் இடம்பெறுகிறது. இரும வடிவில் அதில் இரண்டே இரண்டு 1கள் இருப்பதால் கணக்கீடு விரைவாக முடிந்துவிடுகிறது.

ஆய்லர் 1732இல் திறந்துவைத்த கதவுக்குப் பின்னால் ஃபெர்மாவின் ஊகத்துக்கு ஆதரவாக ஓர் எண்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த எண்ணான 2⁶⁴ + 1ஐ 2,74,177ஆல் வகுக்கலாம் என்பதை ஃபோர்ச்சுனே லாந்திரி 1880இல், எண்பதைக் கடந்த வயதில் வெளியிட்டார். அதற்கடுத்த 2¹²⁸ + 1, 1970இல் கணினியின் உதவியோடு மைக்கேல் மாரிசன், ஜான் பிரில்ஹார்ட் ஆகியோரிடம் பிளவுபட்டது. அடுக்குக்குறி 2²⁰ ஆகவும் 2²⁴ ஆகவும் உள்ள ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்பது பெப்பானின் சோதனையால் உறுதியாகியும், அவற்றின் ஒரு காரணிகூட இன்னும் கைக்கு அகப்படவில்லை. அடுக்குக்குறி 2⁵ முதல் 2³² வரை உள்ளவை அனைத்தும் பகு எண்களே என்று தெரிந்துவிட்டது. 2³³ஐ அடுக்குக்குறியாகக் கொண்ட எண் எத்தகையது என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த எண் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. ஆகவே கவராயத்தால் வரையத்தக்க 32ஆவது ஒற்றைப்படைப் பலகோணம் ஒன்று இருக்குமானால், அதன் பக்கங்களின் எண்ணிக்கையை எழுதவே குறைந்தது அத்தனை இலக்கங்கள் தேவைப்படும்.